கழுவி வந்த பாட்டில்கள்

"பதினாலாம் நம்பரைத் தூக்கிடலாம் வில்மா. ஆள் நம்மை ஏமாத்தறார்."

பேராசிரியர் வில்மா கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எப்படிச் சொல்ற, ரென்ஸ்கே?"

கையிலிருந்த தாள்களை மேசையில் போட்டேன்.

எழுபது தாண்டியவர்களுக்கும் தசை வளரும் என்பது வில்மாவின் கட்சி. கையை மார்பில் கட்டிக்கொண்டு, எங்கும் ஊன்றாமல், தினமும் பத்துத் தடவை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும். படுக்கும் முன் ஒரு பாட்டில் புரதப் பால். அவ்வளவுதான். இதை நிரூபிக்க இருபத்தைந்து வருடமாக ஊரார் தொடையிலிருந்து அரிசி அளவு தசை எடுத்து ஆராய்ந்துகொண்டிருக்கிறார். ஓய்வு பெறுவதற்கு முன் இதுதான் கடைசிச் சோதனை. இருபது பேர், பன்னிரண்டு வாரம்.

பத்தொன்பது பேருக்கும் தொடை தேறியிருந்தது. பதினாலாம் எண் யெல்லெவுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அவரையும் சேர்த்தால் சராசரி இறங்கி, முடிவு ஊசலாடியது.

"பால்ல அடையாளத்துக்கு ஒரு மருந்து கலந்திருக்கோம். குடிச்சிருந்தா சிறுநீர்ல வந்தே தீரணும். இவருக்குப் பொட்டுக்கூட வரலை. ஆனா வாரம் தவறாம ஏழு காலி பாட்டில் கொண்டுவரார். மத்தவங்க பாட்டில் பிசுபிசுன்னு இருக்கும். இவரோடது பளபளன்னு கழுவி வருது. தொட்டியில கொட்டிட்டுக் கழுவறார், வேறென்ன?"

"பிடிக்காத நம்பரைத் தூக்கினா அது ஆராய்ச்சியா?"

"உங்க இருபத்தஞ்சு வருஷம் போயிடும் வில்மா."

"கேட்காம ஒருத்தரைத் திருடன்னு சொல்லக் கூடாது. சைக்கிளை எடு."

லேவார்டன் நகரத்து எதிர்காற்றில் மிதித்துக்கொண்டே பொருமினேன். "ரத்தம் எடுத்ததும் பறந்துடுவார். காபிக்குக்கூட நிக்க மாட்டார். 'பிஸ்கட்டை நீயே தின்னும்மா, வீட்ல பெண்டாட்டி ஃபெம்கே காத்திருப்பா, நான் தூக்கிவிட்டாத்தான் எழுந்திருப்பா'ன்னு ஒரு சாக்கு. காலமெல்லாம் படகு ஓட்டின மனுஷன், ஒரு பாட்டில் பாலைக் குடிக்க முடியாதா?"

வில்மா முன்னால் வேகமாக மிதித்தார்.

கால்வாய்க்கரையில் சின்ன வீடு. வாசலில் யெல்லெவின் சைக்கிள் இல்லை. மணியை அடித்தேன்.

தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். எங்கள் ஊரின் எல்லா வீட்டையும் போல அதற்கும் திரை கிடையாது. உள்ளே நாற்காலியில் வெள்ளைத் தலையோடு ஒரு மெலிந்த பெண்மணி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஃபெம்கேதான் போல. அவங்களால எழுந்திருக்க முடியாது. வாங்க, அப்புறம் வருவோம்" என்று சைக்கிளைத் திருப்பினேன்.

"இரு" என்றார் வில்மா.

உள்ளே ஃபெம்கே இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டார். முன்னால் சாய்ந்தார். மெல்ல, எங்கும் ஊன்றாமல், எழுந்து நின்றார்.

வில்மாவின் விரல்கள் என் முழங்கையை அழுத்திப் பிடித்தன.

கதவு திறந்தது. "யெல்லெ ரொட்டி வாங்கப் போயிருக்கார். நீங்க அந்தப் பால் டாக்டரம்மாதானே?"

"ஆமாம். எத்தனை நாளா இப்படி எழுந்து நடக்கறீங்க?" என்று கேட்டார் வில்மா.

"கதவு வரைக்கும் போன வாரத்திலிருந்துதான். அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் நாற்காலியே கதி." ஃபெம்கே கொஞ்சம் தயங்கினார். "அவரைத் திட்டாதீங்க. முதல்ல எனக்காகத்தான் உங்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். நடக்கறவங்களை மட்டும்தான் சேர்ப்போம்னு ஒரு பொண்ணு சொல்லிட்டாளாம்."

அந்தப் பெண் நான்தான். முகத்தை எங்கே ஒளிப்பதென்று தெரியவில்லை.

"அப்போ பதினாலாம் நம்பரைச் சராசரியில..." என்று முணுமுணுத்தேன்.

"யெல்லெவுக்கு நேரா வளர்ச்சி இல்லைன்னே எழுது. நம்ம கணக்குல அவர் பூஜ்யம்தான்" என்ற வில்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளையிலிருந்து இந்த வீட்டுக்கு ரெண்டு பாட்டில் அனுப்பு."