சின்னையன் ஜெயித்த பாதி

“ஏனுங்க, உங்க பாதி ஜெயிச்சுதுன்னா நெசமாவே செவலையைச் சந்தைக்கு ஓட்டிருவீங்களா?”

“பேச்சுன்னா பேச்சுதான் புள்ள” என்று மீசையை முறுக்கினார் சின்னையன்.

அவர் மனைவி மருதாத்தாள் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

எல்லாம் கிராம சேவகர் இலவசமாகக் கொடுத்த இரண்டு மூட்டை சீமை உப்பு உரத்தால் வந்த வினை. இதைப் போட்டால் நெல் பொங்கிக்கொண்டு வருமாம். இனிமேல் சாணி எதற்கு, பால் நின்றுபோன மாடு எதற்கு என்று ஊரைக் கூட்டிப் பேசினார் சின்னையன். உப்பைத் தின்றால் மண் செத்துப்போகும் என்றாள் மருதாத்தாள். கடைசியில் வயலுக்கு நடுவே ஒரு வரப்பைக் கட்டினார்கள். அவர் பாதிக்கு உப்பு. அவள் பாதிக்குக் கொழிஞ்சித் தழையும் செவலையின் சாணமும். அவள் தோற்றால் செவலை பொள்ளாச்சிச் சந்தைக்கு.

இன்றைக்குக் களத்தில் கோபாலபுரமே கூடியிருந்தது. ஆளுக்கொரு கட்சி, ஒரே கேலியும் கூத்தும். பறை என்கிற மர அளவையில் நெல்லை அளந்தார்கள். தொண்ணூறு வரைக்கும் இரண்டு பாதியும் விட்டுக்கொடுக்கவே இல்லை. மருதாத்தாள் பயத்தை மறந்து கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் பாதி தொண்ணூற்றாறில் நின்றது. அவர் பாதி நூற்றைத் தாண்டிப் போனது.

சேவகர் சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார். சின்னையன் கழுத்தில் மாலை விழுந்தது. மாட்டுத் தரகன் ஆறுச்சாமி கயிற்றோடு முன்னால் வந்தான்.

“ஓட்டிட்டுப் போங்க. தோத்தது தோத்ததுதானுங்க” என்ற மருதாத்தாள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

சின்னையன் அவளைப் பார்த்தார். களத்தோரம் நின்ற மாட்டைப் பார்த்தார். மாலையைக் கழற்றிச் சேவகர் கையில் கொடுத்தார்.

“ஆறுச்சாமி, கயித்தைச் சுருட்டிக்கிட்டுப் போ.”

“ஊரறியப் போட்ட பந்தயமுங்க” என்றான் தரகன்.

“இருக்கட்டும். மாடு போகாது.”

“ஏனுங்க, நீங்கதானே ஜெயிச்சீங்க” என்றார் சேவகர், ஒன்றும் விளங்காமல்.

சின்னையன் குரலைத் தாழ்த்தினார். ஆனாலும் களம் முழுக்கக் கேட்டது.

“நெலம் கெட்டுருமோன்னு எனக்கே பயமுங்க. இவ பொறந்த ஊட்டுக்குப் போயிருந்த பத்து நாள்ல எருக்குழியில மிச்சமிருந்த சாணியைத்தானுங்க என்னோட பாதியில கொட்டுனேன். உங்க மூட்டை ரெண்டும் பரண்மேல பிரிக்காமக் கெடக்குது. செவலையும் போயிட்டா, அடுத்த போகத்துக்கு நான் எதைப் போட்டுங்க ஜெயிக்கறது?”