நூறு சைக்கிள்

"டாக்டர், அந்த நீலச் சட்டையைக் கழட்டுங்க. அதைப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை போயாச்சு."

ஓவிய டீச்சர் சொன்னதும் பல் டாக்டர் மறுபேச்சில்லாமல் சட்டையைக் கழற்றினார். அவருடைய கிளினிக்கில், நோயாளிகள் உட்காரும் பெஞ்சு முழுக்கச் சட்டைகளும் தொப்பிகளும் குவிந்து கிடந்தன. பல்வலி என்று வந்த ஒருவர், துணிக்கடைக்குள் நுழைந்துவிட்டோமோ என்று வெளியே போய்ப் போர்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

சைக்கிள் பாதுகாப்புக் குழு என்று பெயர் பெரிதே தவிர, ஆள் என்னவோ பத்துப் பேர்தான். மெயின் ரோட்டில் சைக்கிளுக்குத் தனிப்பாதை வேண்டும் என்று நகராட்சி ஆபீசுக்கு நடையாய் நடந்தவர்கள். அங்கிருந்த ரோடு இன்ஜினியர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. குழுவில் அவருக்கு 'சிமெண்டு' என்று பெயர். போன வாரம் அவர் வெடுக்கென்று சொல்லிவிட்டார்: மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், காலையில் ஒரு மணி நேரம் ரோட்டோரம் உட்கார்ந்து எண்ணுவார், நூறு சைக்கிளாவது போனால் பாதை, இல்லாவிட்டால் இத்தோடு மறந்துவிட வேண்டியதுதான்.

அந்த ரோட்டில் யார் சைக்கிளில் போவார்கள்? பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகிற இடம். பயந்துகொண்டு யாரும் வருவதில்லை. யாரும் வராததால் பாதை இல்லை. டீச்சரின் மகள் மட்டும் வேறு வழியில்லாமல் அதில்தான் பள்ளிக்குப் போகிறாள். ஒரு வேன் தட்டிவிட்டதில் கை ஒடிந்து, கட்டுப் பிரித்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. மகள் போய்ச் சேர்ந்தாள் என்று தெரியும்வரை தினமும் டீச்சருக்கு வேறு வேலை ஓடாது. இல்லாவிட்டால், பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையின் தாளை எட்டிப் பார்த்தாலே காதைத் திருகுகிறவர் இந்த வேலையில் இறங்கியிருப்பாரா?

திட்டம் சுலபமானதுதான். கிளினிக்கில் கிளம்பி, அதிகாரி கண்முன்னால் போய், அடுத்த தெரு வழியாகச் சுற்றி வந்து, சட்டை மாற்றி மறுபடி போக வேண்டும். ஆனால் இந்தக் குழுவுக்கு அது சுலபமாக இல்லை. ஹெல்மெட் கொக்கியைச் சரிபார்க்காமல் ஒருவரும் ஏறவில்லை. வளைவுக்கு வளைவு கை காட்டினார்கள். சிவப்பு விளக்கு விழுந்தால், ஈ காக்கை இல்லாத தெருவிலும் காலை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். டீச்சரின் கணவர்தான் அதில் முதல் ஆள்.

"எதிர்ல ஒரு வண்டி இல்ல. வந்திருக்கலாமில்ல?" என்று டீச்சர் பல்லைக் கடித்தார்.

"ஏமாத்துறதே தப்பு. அதையாவது ரூல்படி ஏமாத்துவோம்" என்றார் கணவர்.

இந்த வேகத்தில் அறுபதைத் தாண்டாது என்று டீச்சருக்குத் தெரிந்துபோயிற்று. மகளின் முகம் கண்முன் வந்தது. மறுபடி பெடலை மிதித்தார்.

மருந்துக்கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் பெரிய அதிகாரி. அவர் முகங்களைப் பார்க்கவில்லை, சக்கரங்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற சிமெண்டுதான் ஆளை ஆளாகப் பார்த்தார். அவருக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கியவரே பல் டாக்டர்தான். டாக்டர் நான்காவது சட்டையில் கடந்து போனபோது, சிமெண்டு சட்டென்று திரும்பி மருந்துக்கடைப் போர்டைப் படிக்க ஆரம்பித்தார். நல்லவேளை, மனுஷனுக்கு ஞாபகசக்தி மட்டு என்று பின்னால் வந்த டீச்சர் பெருமூச்சு விட்டார்.

அதற்குள் ரோட்டில் தெரியாத முகங்கள் தென்பட ஆரம்பித்தன. சட்டைப்பையில் பேனா குத்திய பருத்த மனிதர் ஒருவர், ஹேண்டில் ஆட ஆட வந்தார். அவர் பின்னால் பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண். அப்புறம் ஒரு வழுக்கைத்தலை, மூச்சு வாங்கியபடி. நேரம் போகப் போக இன்னும் பலர். இவர்களெல்லாம் இத்தனை நாள் எங்கே இருந்தார்கள் என்று டீச்சருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

நேரம் முடிந்ததும் பெரிய அதிகாரி எழுந்தார். நூற்றுப் பன்னிரண்டு என்றார். தாராளமாகப் பாதை போடலாம் என்று சிமெண்டிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். சிமெண்டு எப்போதும்போல உம்மென்று தலையாட்டினார்.

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. இனி மகள் நிம்மதியாகப் போவாள். அதைவிடப் பெரிய சந்தோஷம், கிட்டத்தட்ட ஐம்பது பேர் யாரும் கூப்பிடாமல் தாங்களாகவே வந்திருக்கிறார்கள்.

"அப்ப நமக்குப் பாதிப் பாவம்தான்" என்று கணவரும் ஆறுதலடைந்தார்.

அவர்களில் ஒருவரையாவது கையோடு குழுவில் சேர்த்துவிட வேண்டும் என்று டீச்சர் சைக்கிளைத் திருப்பினார். தெருமுனை தாண்டி, அந்தப் பச்சைச் சட்டைப் பெண் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு திண்ணையில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர் இரைக்க இரைக்க வந்து இறங்கியதைப் பார்த்ததும், பாவம் என்று நகர்ந்து உட்கார இடம் கொடுத்தாள்.

"உங்களையும் விடலையா? ஆபீஸ்ல ஒருத்தர் பாக்கியில்லாம இறக்கிட்டாரு போல இன்ஜினியர் சார். ஆளுக்கு மூணு சட்டை வேற கொண்டாரச் சொல்லிட்டாரு" என்றவள், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "நான் வீட்டு வரி. நீங்க எந்த செக்ஷன்?"