மாணிக்கவேலுக்குக் கொடுக்காத மூச்சு

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம். இதில் ஒரு வரி பொய்யென்றாலும் வாயில் மிச்சமிருக்கிற நாலு பல்லும் இன்றைக்கே கொட்டிப் போகட்டும்.

தண்ணீருக்கடியில் பரசுராமன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். எதிரே, முழங்காலோடு முழங்கால் இடிக்க, மாணிக்கவேல்.

உலகத்தில் இருந்த மொத்தக் காற்றும் அப்போது பரசுராமன் வாயில் இருந்தது.

களம்பூர் ரைஸ் மில்லில் நெல் ஊறவைக்கும் சிமெண்டுத் தொட்டி அது. எண்பத்திரண்டாம் வருஷம். கப்பல் வேலையிலிருந்து ரிட்டையராகி வந்த ராமதாஸ், முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் மூச்சுவிடக் கற்றுத் தருகிறேன் என்று ஆரணியில் ஒரு டீக்கடை விடாமல் சொல்லிவைத்திருந்தான். அமாவாசை, தறிக்கு லீவு. புதுசாக எது வந்தாலும் முதல் ஆளாக நிற்கிற மாணிக்கவேல் பேர் கொடுத்தான்.

அதைக் கேட்ட பிறகுதான் பரசுராமனும் கொடுத்தான்.

அவனுக்கு நீச்சல்கூடத் தெரியாது. பழி தீர்க்க நீச்சல் எதற்கு?

ராமதாஸிடம் இருந்தது ஒரே சிலிண்டர். அதைப் பரசுராமன் முதுகில் கட்டினான். மிதக்காமலிருக்க இரண்டு பேர் இடுப்பிலும் மணல் மூட்டை. முகத்துக்கு ஆளுக்கொரு கண்ணாடி.

"ரெண்டு இழுப்பு நீ இழு, அப்பால கொழாய அவருக்குக் குடு. அவரு ரெண்டு இழுப்பு. மாத்தி மாத்தி. பேஜார் பண்ணாதீங்க" என்று சொல்லி உள்ளே உட்காரவைத்துவிட்டு, அவன் மில் மேஸ்திரியோடு பீடி பற்றவைக்கப் போய்விட்டான்.

மாற்றி மாற்றிக் கொடுப்பது இவர்களுக்குப் புதுசில்லை. அகலமான பார்டர் வைத்த பட்டுச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். பார்டர் நூல் சுற்றிய நாடாக் கட்டையை இவன் தள்ளுவான், அவன் வாங்கித் திருப்பித் தள்ளுவான். அப்படி ஒரே தறியில் இருந்தவர்கள்தான் இரண்டு பேரும்.

அந்தத் தறியில்தான் பரசுராமன், மகள் சாவித்திரியின் கல்யாணச் சேலைக்கென்று ஒரு பார்டர் யோசித்துப் போட்டான். அலகில் நெற்கதிர் கவ்விய கிளிகள். ஒரு கிளி இந்தப் பக்கம் பார்க்கும், அடுத்தது அந்தப் பக்கம் பார்க்கும், மூன்றாவது உங்களையே பார்க்கும். தறியிலிருந்து அறுத்து வெளியே காட்டியபோது நிஜக் கிளிகள் வந்து கதிரைக் கொத்திப் பார்த்துவிட்டு ஏமாந்து பறந்தன.

எதிர்ப் பக்கம் உட்கார்ந்து நாடா வாங்கிக்கொண்டிருந்த மாணிக்கவேல் அதை மனசிலேயே எடுத்துப் போய் வேறு தறியில் நெய்துவிட்டான். சாவித்திரி மணையில் உட்காருமுன்பே கண்ணமங்கலத்தில் வேறொருத்தி அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கடைத்தெருவில் அதற்கு மாணிக்கவேல் பார்டர் என்றே பேராகிவிட்டது.

போய்க் கேட்டதற்கு, "பார்டர்ல உன் பேரு எழுதியா கீது?" என்று பாக்கை மென்றுகொண்டே சிரித்தான்.

சிரித்த அந்த வாய் இப்போது இரண்டு சாண் தூரத்தில், இறுக்க மூடிக்கொண்டு இருந்தது.

மாணிக்கவேல் கையை நீட்டினான்.

பரசுராமனின் வலது கை, அவனை ஒரு வார்த்தை கேட்காமல், வாயிலிருந்த குழாயை எடுத்து எதிரே தள்ளிவிட்டது. எதிர்க் கை நீண்டால் நாடாவைத் தள்ளிப் பழகின கை.

மாணிக்கவேல் சாவகாசமாக இரண்டு இழுப்பு இழுத்து, அதே பழக்கத்தில் திருப்பித் தள்ளினான்.

பரசுராமன் தன் கையை ஏழு தலைமுறைக்கும் திட்டினான். பிறகு அதைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

மாணிக்கவேல் மறுபடி கையை நீட்டினான்.

பரசுராமன் ஒரு இழுப்பு இழுத்தான். இனித்தது. இன்னொன்று இழுத்தான். அது இன்னும் இனித்தது.

அவன் விட்ட மூச்சு குமிழ் குமிழாக மாணிக்கவேலின் மூக்கை உரசிக்கொண்டு மேலே போயிற்று. மாணிக்கவேலின் கண் ஒவ்வொரு குமிழையும் வழியனுப்பிவிட்டு வந்தது.

பரசுராமன் இடது கையால் தண்ணீரில் ஒரு கிளியை வரைந்தான். அலகு, கதிர், எல்லாம். வரைந்து முடித்து, கண்ணாடிக்குள் புருவத்தைத் தூக்கினான்.

யாருது?

மாணிக்கவேல் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினான்.

சரி. இன்னும் இரண்டு இழுப்பு.

சாயத்தில் முக்கிய பட்டு மாதிரி மாணிக்கவேலின் முகம் நிறம் மாறியது. முதலில் மாம்பழக் கலர். பிறகு அரக்கு. பிறகு கத்திரிப்பூ. கத்திரிப்பூ அவனுக்கு எடுப்பாக இருந்ததால் பரசுராமன் அவனை அதிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.

மணையில் சாவித்திரி தலையைத் தூக்காமலே அழுதது ஞாபகம் வந்தது. இன்னொரு இழுப்பு இழுத்தான், நீளமாக.

அப்போதுதான் எதிரிலிருந்து ஒரு விரல் நீண்டு வந்தது. பரசுராமனின் நெஞ்சில் பதிந்தது.

உன்னுது.

பரசுராமன் காது கேட்காதவன் மாதிரி தலையைச் சாய்த்தான்.

விரல் மறுபடி அழுத்தியது. மறுபடியும். அப்புறம் இரண்டு கையும் சேர்ந்து கும்பிட்டன.

அதன் பிறகே பரசுராமன் தொடையைத் தூக்கினான். விடுபட்ட கை, தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது.

பீடி முடிந்து வந்த ராமதாஸ் இரண்டு பேரையும் வெளியே இழுத்துப் போட்டான். நெல் காயும் களத்தில் மல்லாந்து கிடந்து, மூட்டை தூக்குகிற அத்தனை பேரும் கேட்க, மாணிக்கவேல் இருமி இருமிச் சொன்னான்:

"கிளி பார்டரு பரசுதுய்யா. நான்தான் எத்துகினு பூட்டேன்."

அன்றிலிருந்து ஆரணிக் கடைத்தெருவில் அது பரசுராமன் பார்டர்.

அந்தத் தொட்டியில் எழுந்து நின்றால் தண்ணீர் இடுப்புக்குத்தான் வரும்.