சந்தியோகின் கடைசிப் பாட்டு

மடியில் மலர்வளையத்தை வைத்துக்கொண்டு சிலாவத்துறை பஸ்ஸில் போவது லேசான காரியமில்லை. ஏறுகிற சனம் எல்லாம் சிவதர்சினியைத்தான் இரக்கத்தோடு பார்த்தது. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் யன்னல் ஓரத்தையே விட்டுக்கொடுத்தார்.

செத்தது சொந்தக்காரரா என்று அந்த அம்மா கேட்டார். இல்லை, பாட்டுக்காரன், அரிப்பு ஊர்ப் பொடியன், இருபத்து மூன்று வயது என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் கைக்குட்டையை எடுத்துவிட்டாள்.

முருங்கனில் இருந்துகொண்டு சிவதர்சினி இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறாள். பேர் தெரியாத பிள்ளைகள் வீட்டு அறைக்குள் இருந்து பாடி வெளியிடுகிற புதுப்பாட்டுகளைத் தேடிப்பிடித்து வெள்ளிக்கிழமை தோறும் அறிமுகம் செய்வாள். அவள் நல்லதென்றால் நல்லதுதான் என்று நம்பி இருபதாயிரம் பேர் இருந்தார்கள். அந்த நம்பிக்கை ஒன்றுதான் அவளுடைய சொத்து.

திங்கட்கிழமை காலை அந்த மரண அறிவித்தல் அவள் கண்ணில் பட்டது. கறுப்புக் கரை, மெழுகுதிரி, நடுவில் சந்தியோகின் சிரித்த முகம், கீழே அவன் விட்டுச்சென்ற கடைசிப் பாட்டு. வழக்கமாக வருகிற உறவினர் வரிசையோ, எந்தக் கோயிலில் பூசை, எந்தச் சேமக்காலையில் அடக்கம் என்ற விபரமோ அதில் இல்லை. அழுகிற கண்ணுக்கு அதெல்லாம் தெரியுமா?

பாட்டும் அப்படிப்பட்ட பாட்டு. கடலுக்குப் போன தகப்பனைப் பிள்ளை கரையில் நின்று கூப்பிடுகிறது. ஒரு கிட்டாரைத் தவிர வேறு சத்தம் இல்லை. நாலு தரம் கேட்டு, மூக்கைச் சிந்திவிட்டு, அவள் தன் பக்கத்தில் எழுதினாள். ‘இந்தக் குரலை முதன்முதலில் கண்டுபிடித்தவள் நான். ஊர் கேட்பதற்கு முன்னமே எனக்கு இவனைத் தெரியும்.’

அவளுடைய பக்கத்தில் சந்தியோகின் பேர் வந்தது அன்றுதான். ஆனாலும் புதுப்பாட்டு ஒன்றையும் விடாமல் கேட்கிறவள் அல்லவா, இவனையும் எப்போதோ கேட்டுத்தான் இருப்பேன் என்று அவள் மனதார நம்பினாள்.

இரண்டே நாளில் ஒரு லட்சம் பேர் அந்தப் பாட்டைக் கேட்டார்கள். அவனுடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. துக்க வீடு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். புதன்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குச் செத்தவீட்டில் இருந்து நேரலையில் வருகிறேன் என்று எல்லாருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தாள்.

அரிப்பில் இறங்கி வழி கேட்டாள். வழி சொன்ன மனிசன் மலர்வளையத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். தெருவில் கொடி இல்லை, படலையடியில் பந்தல் இல்லை. முற்றத்தில் ஒரேயொரு கதிரை, அதில் சந்தியோகு பாண் துண்டைச் சம்பலோடு சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சிவதர்சினிக்கு முதலில் பயம் வந்தது. அது கோபமாக மாறக் கனநேரம் எடுக்கவில்லை.

“நீ சாகேல்லையா?”

“வாங்கோ அக்கா, இருங்கோ” என்று அவன் எச்சில் கையோடு எழும்பி நின்றான்.

சத்தம் கேட்டு வெளியே வந்த தாய் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். எல்லாம் இவன் பார்த்த வேலை, அயல் சனம் ஒப்பாரி வைத்துக்கொண்டு ஓடிவந்த பிறகுதான் தனக்கே தெரியும், அன்றிலிருந்து இவனோடு கதையும் இல்லை, இவனுக்குச் சோறும் இல்லை என்றார். கடைப் பாணுக்குக் காரணம் அதுதான்.

சிவதர்சினி மலர்வளையத்தை நிலத்தில் போட்டாள். கட்டிக்கொள்ள இருந்தவன் கைவிட்டிருந்தால்கூட அவளுக்கு நெஞ்சு இப்படி எரிந்திராது. ஏழு வருடமாகச் சேர்த்த பேரை ஒரு பொடியன் ஒரு பொய்யால் சரித்துவிட்டான்.

“உனக்காக நான் அழுதனான். என்னை நம்பி எத்தினை சனம் அழுதது தெரியுமா? அஞ்சு மணிக்கு அந்தச் சனத்துக்கு நான் என்னத்தைச் சொல்ல?”

அவன் குனிந்து மலர்வளையத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். மன்னிப்பாவது கேட்பான் என்று பார்த்தாள், அதுவும் இல்லை. அது அவளை இன்னும் கொதிக்க வைத்தது.

“உன்னை முதல் முதல் கண்டுபிடிச்சவள் நான். எனக்கே துரோகம் செய்திட்டாய்.”

அதற்குத்தான் அவன் நிமிர்ந்தான். உடுத்திருந்த சாரத்தில் கையைத் துடைத்துவிட்டு, கைபேசியை எடுத்து அவளுக்கு முன்னால் நீட்டினான்.

அவளுடைய பக்கத்துக்கு அவன் அனுப்பிய செய்திகள் வரிசையாக இருந்தன. தை மாதம் ஒன்று, மாசியில் ஒன்று, சித்திரையில் ஒன்று. மூன்றிலும் அதே பாட்டு. மூன்றும் இன்றுவரை திறக்கப்படாமலே கிடந்தன.

“உயிரோட மூண்டு தரம் அனுப்பினனான் அக்கா, செத்த பிறகுதானே கேட்டனீங்கள்.”