கல்லுக்குள் ஆறு புள்ளிகள்

பல்கலைக்கழக ஆய்வகத்தில் கல்லை அறுத்து மெருகேற்றுவது கணவர் வேலை. அதன்மேல் மின்னணுக் கற்றையைப் பாய்ச்சி, உள்ளே என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று அளப்பது மனைவி வேலை. கற்றை பட்ட இடத்தில், உருப்பெருக்கிக்கு மட்டும் தெரியும் அளவில் ஒரு கரும்புள்ளி விழும். கல்லுக்கு ஆறு புள்ளி வைப்பாள். ஆறாவது வைக்கும்போது மட்டும் விரல் நடுங்கி, புள்ளி வரிசை தப்பிப்போகும். நடுக்கம் வெளியே தெரிந்தால் இயந்திரத்தை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்கள். கணவரைத் தவிர யாருக்கும் அவள் சொல்லவில்லை.

அன்று காலை அவர் தந்த புதுக் கல்லை இயந்திரத்துக்குள் வைத்து உருப்பெருக்கியில் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏற்கெனவே ஆறு புள்ளிகள் இருந்தன. ஆறாவது வரிசை தப்பியிருந்தது.

"என்னங்க, பழைய கல்லக் குடுத்துட்டீங்களா?"

"இப்பதான அறுத்தேன்? கை ஈரம்கூடக் காயல."

எட்டிப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. போய், அதே கல்லை இன்னும் ஆழத்தில் அறுத்து, வேறொரு துண்டு கொண்டுவந்து இயந்திரத்தில் வைத்தார். அதில் ஒரு கீறல்கூட இல்லை. இருவருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

"பாத்தியா, ஒண்ணும் இல்ல. ஆரம்பி."

"கொஞ்சம் இருங்க, இன்னும் சுவிட்சே போடல."

அவள் கைகள் மடியில் இருந்தன. கற்றையின் மீட்டர் பூஜ்யம் காட்டியது.

கல்லில் முதல் புள்ளி கறுத்தது. பத்து விநாடி கழித்து, பக்கத்திலேயே இரண்டாவது.