பழுதுச் செலவு: இல்லை

ஜன்னலின் கீழ்ச் சட்டத்தில் பல் தடம் இருந்தது.

குனிந்து பார்த்தான். சின்னப் பற்கள். பச்சைப் பெயிண்ட் உரிந்திருந்தது. அடியில் இன்னொரு பச்சை, அதற்கும் அடியில் வெள்ளை. பெயிண்டில் காரீயம் கலந்த காலத்து வீடு.

வங்கிக்காக வீடுகளை மதிப்பிடுவது அவன் வேலை. இந்த வீட்டுக்கு இது இரண்டாம் முறை.

"மூணு வருஷம் முன்னாடி நாங்க வாங்கினப்பவும் நீங்கதானே சார் வந்தீங்க?" தமயந்தி காபியை நீட்டினாள். "நீங்க எழுதிக் குடுத்ததுலதான் லோன் உடனே கெடச்சுது. அப்ப இவ வயித்துல எட்டு மாசம்."

மகள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, சட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு.

இப்போது கேட்கும் கடன் இவளுடைய வைத்தியத்துக்கு.

"இன்னும் பேச்சு வரல சார். ரத்தத்துல காரீயம் இருக்காம். டாக்டர் சொன்ன அன்னிக்கே ஈயச் சொம்பைத் தூக்கிப் போட்டுட்டேன். எங்க அம்மா சீரா குடுத்தது. அதுல காரீயத்தைக் கலந்துடுவாங்களாமே. தினம் அதுலதான் ரசம் வெச்சு இவளுக்கு ஊட்டினேன்."

குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மாகூடப் பேசி நாலு மாசம் ஆச்சு. வெளியில சொல்லவே வெக்கமா இருக்கு."

வெட்கப்பட வேண்டியவள் அவள் இல்லை.

அன்றும் இந்த ஜன்னல் உரிந்துதான் இருந்தது. பார்த்தான். படிவத்தில் பழுதுச் செலவுக்கான கட்டத்தில், சுரண்டி எடுத்து மறுபடி அடிக்க முப்பதாயிரம் என்று எழுதவும் செய்தான். எழுதிய பிறகுதான் உறைத்தது. பழுது என்று போட்டால், சரி செய்துவிட்டார்களா என்று பார்க்க இன்னொரு நடை வர வேண்டும். சித்திரை வெயில். இரண்டு பஸ் மாற வேண்டும்.

எழுதியதை அடித்துவிட்டு 'இல்லை' என்று எழுதினான்.

லஞ்சம்கூட வாங்கவில்லை. வெறும் சோம்பல். காசு வாங்கியிருந்தால் கெட்டவன் என்றாவது தன்னைத் திட்டிக்கொள்ளலாம். இதற்கு என்ன பெயர் வைப்பது?

காபியைக் கீழே வைத்தான்.

"சொம்பு இல்லம்மா. இந்தப் பெயிண்ட்டு."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பாய்ந்து வந்து குழந்தையை இழுத்துக்கொண்டாள்.

உரிந்த இடத்தை விரலால் தடவினாள்.

பிறகு கேட்டாள்.

"அன்னிக்கு நீங்க பாத்தப்ப இப்படி உரிஞ்சிருந்துச்சா சார்?"

அவன் கையில் புதுப் படிவம். அதே கட்டம் காலியாக இருந்தது.

இல்லை என்றான். இரண்டாம் முறையாக.

அவள் நம்பிவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"ஒரு நிமிஷம் இவளைப் பாத்துக்குங்க சார்."

உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"அம்மா, உன் சொம்பு இல்லியாம்மா... ஆமாம்மா, ஜன்னலாம்... பேங்க்லேருந்து ஒரு சார் வந்திருக்காரு, அவருதான் கண்டுபிடிச்சாரு... அந்த மனுஷன் நல்லா இருக்கணும்..."

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அவனுக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

குழந்தை எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

வாயைத் திறக்கச் சொன்னான். திறந்தாள். நாக்கில் ஒரு பச்சைச் செதில். விரலை விட்டு எடுத்தான். இன்னொன்று இருக்கிறதா என்று ஈறோரம் துழாவினான்.

கடித்தாள்.

உயிர் போகிற வலி. உள்ளே அவள் இன்னும் அவனைப் புகழ்ந்துகொண்டிருந்தாள்.

குழந்தை தானாக விடும்வரை அவன் கையை எடுக்கவில்லை.