இரண்டு தொட்டி மண்

பத்து மணிக்கு வண்டி வரும் என்று தெரிந்தும், மாமியார் எட்டு மணிக்குப் பால்கனியில் பழைய செய்தித்தாளை விரித்து மண் கலக்க உட்கார்ந்தார்.

அதுவும் வெளியே போகும்போது மட்டும் கட்டுகிற நல்ல புடவையில்.

மண் வேலைக்கு இந்தப் புடவையா என்று மருமகள் ஒரு பார்வை பார்த்தாள். கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், பதிலுக்குப் பதில் வரும், அதற்குள் வண்டி வந்து நிற்கும்.

மருமகளுக்கு வேறு ஊருக்கு மாற்றல். மெத்தை, மிக்ஸி, குக்கர் என்று எல்லாவற்றையும் 'நீ எடுத்துக்கோ', 'நீங்க வச்சுக்குங்க' என்று சண்டை போட்டே பங்கு பிரித்தாகிவிட்டது. மிஞ்சியது கூடத்து மூலையில் இருந்த பீஸ் லில்லி மட்டும்தான். அமைதியின் பெயரைச் சூட்டிய செடி. ஏழு வருடமாக அந்த வீட்டில் நடந்த சண்டைகளில் பாதி அதை வைத்துத்தான்.

மருமகளுக்குத் தாராளமான கை. செடியைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுவாள். மாமியாருக்கோ அது தலை தொங்கிய பிறகுதான் அப்படி ஒரு செடி இருப்பதே நினைவுக்கு வரும். நீ மூழ்கடிக்கிறாய் என்பார் இவர். நீங்கள் பட்டினி போடுகிறீர்கள் என்பாள் அவள்.

தண்ணீர்தான் மறக்குமே தவிர, மண்ணை மாமியார் யாரிடமும் விட்டதில்லை.

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் முப்பது வருடம் மருந்து அளந்து கொடுத்தவர். ஒரு மாத்திரை கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை என்பது அவரே சொல்லிக்கொள்வது. சொல்லாத நாள் குறைவு.

வாளியில் ஆறு மாதமாக மட்கிய உரம் இருந்தது. காய்கறித் தோல், டீத்தூள், முட்டை ஓடு, எல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டதன் மிச்சம். அதைச் சல்லடையில் சலித்தார். முந்தின நாளே ஊற வைத்த தேங்காய் நார்க்கட்டி உப்பிப் போய் இருந்தது. உதிர்த்துப் பிழிந்தார். மணலை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினார்.

அதிகம் ஊற்றுகிற கைக்கு மணல் கூட வேண்டும், தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். மறக்கிற கைக்கு நார் கூட வேண்டும், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதெல்லாம் அவர் மருமகளுக்கு நூறு தடவை சொன்ன பாடம். செடியை இரண்டாகப் பிரித்தால் இரண்டு தொட்டிக்கும் வேறு வேறு கலவை என்று போன வாரமும் ஒருமுறை சொன்னார்.

மகன் போய் மூன்று வருடம் ஆகிறது. செத்துப் போகவில்லை, வேறொருத்தியோடு வேறொரு ஊரில் நன்றாகவே இருக்கிறான். அவனே இல்லாத வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் என்ன ஒட்டு என்று கேட்காத ஆள் இல்லை. இரண்டு பேருமே பதில் சொன்னதில்லை. தெரிந்தால்தானே சொல்வதற்கு.

மாற்றல் வந்த அன்று, கூட வாருங்கள் என்று மருமகள் கேட்டாள். மறுநாளும் கேட்டாள். இரண்டு தடவையும், என் வீட்டை விட்டுவிட்டு நான் எங்கே வருவது என்று மாமியார் வீறாப்பாகச் சொல்லிவிட்டார்.

மூன்றாம் தடவை கேட்டால் என்ன சொல்வது என்பதையும் யோசித்து வைத்திருந்தார்.

அவள் கேட்கவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிற பெண். அதுதான் வினை. இனி தானாக வாயைத் திறந்து கேட்க மாமியாரால் ஆகாது. தனியாக இருக்க எனக்கென்ன பயம் என்று அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லியாயிற்று. அவருக்குப் பயமாகத்தான் இருந்தது.

கலந்த மண்ணை ஒரு பிடி பிடித்துப் பார்த்தார். உருண்டை நின்றது. விரலால் தொட்டதும் உதிர்ந்தது. பதம் சரி.

செடியின் வேரை நடுவே பிரித்து, இரண்டு தொட்டியிலும் நட்டு, ஓரத்தை அழுத்தி முடிக்கவும் கீழே ஹாரன் கேட்கவும் சரியாக இருந்தது.

சாமான் எல்லாம் கீழே வண்டிக்குப் போன பிறகு மருமகள் பால்கனிக்கு வந்தாள். எந்தத் தொட்டி தன்னுடையது என்று பார்க்க ஒன்றில் விரலை விட்டாள். நறநறவென்று மணல். பக்கத்துத் தொட்டியிலும் விட்டாள். அதே நறநறப்பு.

"ரெண்டும் ஒரே மண்ணா இருக்கே அத்தை. உங்க தொட்டிக்கு யாரு தண்ணி ஊத்துவா?"

மாமியார் குழாயைத் திறந்து கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"அளவு தப்பிப் போச்சு."

மருமகள் அந்த முதுகைப் பார்த்தாள். பிறகு இரண்டு தொட்டியையும் இடுப்பின் இரண்டு பக்கமும் இடுக்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

வெறும் கையோடு திரும்பி வந்தவள், நேராக மாமியாரின் அறைக்குள் போனாள். நாலு துணியாவது எடுத்து வைக்கலாம் என்று கட்டிலுக்கு அடியில் எப்போதும் காலியாகவே கிடக்கும் பெட்டியை ஒரு கையால் இழுத்தாள்.

அசையவில்லை. இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது.